ஆள்சேர்ப்பு முகாமுக்கு 6 வாரம் இருக்கும்போது வந்த கால்வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இளைஞரும் அவர் வீட்டாரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். மருத்துவ விவரங்கள் அப்படியே இருக்கின்றன.

பின்னணி

வேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். கம்மவான்பேட்டை மாதிரி தெருவுக்குத் தெரு ராணுவக்காரர் இருக்கும் ஊர்கள் உள்ள வட்டாரம் என்பதால், பள்ளி முடிக்கிற பையன்களில் பலருக்கு முதல் கனவே பட்டாளம்தான். இந்த இளைஞருக்கு அப்போது வயது 19. பாலிடெக்னிக் முடித்தவர். அப்பா கொத்தனார், அம்மா வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார்.

2023-ல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வு முறை மாறியது. அதுவரை முதலில் ஓட்டம், அப்புறம் மருத்துவச் சோதனை, கடைசியில் எழுத்துத் தேர்வு. அந்த ஆண்டிலிருந்து எழுத்துத் தேர்வு முன்னால் வந்துவிட்டது. அதில் தேறியவர்கள்தான் முகாமில் ஓட முடியும். வெளியிலிருந்து பார்த்தால் வரிசை மாற்றம்தான், ஆனால் பையன்களின் கால்களுக்கு அது பெரிய மாற்றம். முன்பெல்லாம் ஓட்டம்தான் முதல் வாசல் என்பதால் வருஷம் முழுக்க ஏதோ ஒரு அளவில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இப்போது மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துவிட்டு, முடிவு வந்த மறுநாள் ஷூவைத் தேடுகிறார்கள்.

இவரும் அப்படித்தான். எழுத்துத் தேர்வுக்காக ஏறக்குறைய 5 மாதம் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார். தேர்ச்சி என்று தெரிந்ததும் ஊர் கிரவுண்டில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் நடத்தும் பயிற்சியில் சேர்ந்தார். முகாமுக்கு அப்போது சுமார் 3 மாதம் இருந்தது. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 5:31-லிருந்து 5:45-க்குள் என்றால் 48. புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) 10 எடுத்தால் 40. இதுதான் அப்போதைய கணக்கு. அவருடைய நேரம் 6 நிமிடத்துக்கு மேல் இருந்தது.

பயிற்சி வாரத்தில் 6 நாள், காலை மாலை இரு வேளையும். விடியற்காலை 5 மணிக்குப் பைபாஸ் ஓரத்தில் 5 கிலோமீட்டர், திரும்பி வந்து கிரவுண்டில் வேக ஓட்டம், அப்புறம் தவளைத் தாவல், வாத்து நடை. மாலையில் மறுபடி. முதல் நாளிலிருந்தே முழு அளவு. மூன்று வருஷமாக ஓடுகிறவனும் நேற்று வந்தவனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

வலி எப்படி வந்தது

மூன்றாம் வாரத்தில் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்போரம் வலி. ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும். கிரவுண்டில் இதற்கு ‘ஷின் பெயின்’ என்று பெயர், எல்லாருக்கும் வரும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். பலருக்குச் சரியாகியும் விடுகிறது என்பதால்தான் அந்தச் சட்டத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஐந்தாம் வாரம் வாக்கில் கதை மாறியது. இடது கால் அப்படியே இருக்க, வலது காலில் மட்டும் வலி ஓரிடத்தில் குவிந்தது. ஓடி முடித்த பிறகும் போகவில்லை, பிறகு நடக்கும்போதும் வந்தது, கடைசியில் இரவில் புரண்டு படுத்தால்கூட விண்ணென்று தெறித்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, ஓடுவதற்கு அரைமணி முன்னால் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். இரண்டு முறை வலி ஊசி. ஒரு வாரம் எண்ணெய்க்கட்டு. நடுவில் ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள், ‘நார்மல்’ என்று வந்தது, ஒரு வாரம் ஓய்வும் கால்சியம் மாத்திரையும் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் சும்மா இருந்தார், வலி பெரும்பாலும் போனது, மறுபடி கிரவுண்டுக்குப் போனார். இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டார்.

பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்தபோது முகாமுக்கு 6 வாரம் இருந்தது. அப்பாவும் கூட வந்திருந்தார். கையில் அந்த எக்ஸ்ரே. “எலும்புல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க மேடம், நரம்புதான் பிடிச்சிருக்கு போல, நீங்க கரண்ட் வெச்சு விட்டுட்டீங்கன்னா ஓடிடுவான்” என்றார்.

பார்த்ததும் சோதித்ததும்

உள்ளே நடந்து வரும்போதே வலது காலை முழுதாக ஊன்றவில்லை. வீக்கம் பெரிதாக இல்லை. டிபியா என்ற கீழ்க்காலின் பெரிய எலும்பின் உள்பக்கப் பின் விளிம்பில், மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு கீழே, விரலால் தடவிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் காலை இழுத்துக்கொண்டார். வலித்த பரப்பு சுமார் 3 சென்டிமீட்டர்தான். இடது காலிலும் அதே விளிம்பில் வலி இருந்தது, ஆனால் அது 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய வலியாகப் பரவியிருந்தது.

இந்த வேறுபாடுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. எலும்போரம் நீளமாக, 5 சென்டிமீட்டருக்கு மேல் பரவி, சூடானதும் குறையும் வலி என்றால் அது பெரும்பாலும் எலும்பு உறையும் அதைச் சுற்றியுள்ள திசுவும் எரிச்சலடைந்த நிலை. ஒரு புள்ளியில் குவிந்து, ஓட ஓடக் கூடி, ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி என்றால் எலும்புக்குள்ளேயே காயம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஒரே ஆளிடம் இடது காலில் முதலாவதும் வலது காலில் இரண்டாவதும் இருந்தன. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். இடது காலில் பத்துக் குதித்தார். வலதில் முதல் குதியிலேயே முகம் மாறியது, அத்தோடு நிறுத்திவிட்டோம்.

மற்ற சாத்தியங்களையும் பார்த்தாக வேண்டும். ஓடும்போது மட்டும் கெண்டைச் சதை கல்லாக இறுகி, பாதம் மரத்துப்போய், நின்ற சில நிமிடங்களில் சரியாகும் வகை வலி இவரிடம் இல்லை. பாத நாடி இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. வலி எலும்பின் முன் விளிம்பிலும் இல்லை. இது முக்கியம், ஏனென்றால் டிபியாவின் முன்பக்கம் இழுவிசை தாங்கும் பக்கம், அங்கே வரும் விரிசல் எளிதில் ஒட்டிச் சேராது, சில சமயம் அறுவை வரைக்கும் போகும். இன்னொன்று, இளம் வயதில் இரவு வலி என்றால் கட்டியோ தொற்றோ இல்லை என்று உறுதி செய்யாமல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பக் கூடாது.

கெண்டைச் சதை வலு மோசமாக இருந்தது. இடது ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவதில் 14-க்கு மேல் முடியவில்லை. வலதில் சோதிக்கவே இல்லை. ஓடுகிற ஒருவருக்கு 25 வேண்டும் என்பது என் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. ஓட்டத்தில் டிபியா வளைவதைத் தாங்கிப் பிடிப்பதில் இந்தச் சதைக்குப் பெரிய பங்கு உண்டு, அது களைத்துவிட்டால் சுமை எலும்பின் மேல் வந்து விழுகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் மீதிப் பாதி வெளியே வந்தது. உயரம் 172 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. பயிற்சி தொடங்கியதிலிருந்து 4 கிலோ இறங்கியிருந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதில் இரவுச் சோற்றை விட்டுவிட்டார். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, டீயும் இரண்டு இட்லியும். மதியம் மட்டும் வயிறார. ஓடுகிற பெண்களிடம் மாதவிடாய் நின்றுபோயிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் உடம்புக்குப் போதுமான சாப்பாடு கிடைக்கவில்லை என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஆண்களிடம் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு வெளியிட்ட கருத்தறிக்கை இந்த ஆற்றல் பற்றாக்குறை ஆண்களுக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது, ஆனால் நம் கிரவுண்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கரண்ட் வைக்கவில்லை. எலும்பு மருத்துவருக்கு எழுதிக்கொடுத்து அன்றே அனுப்பினேன்.

எம்.ஆர்.ஐ. என்ன சொன்னது

சில ஆயிரம் செலவு என்பதால் அப்பா தயங்கினார். எக்ஸ்ரேதான் நார்மலாச்சே என்பது அவருடைய நியாயமான கேள்வி. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்புக்குள் வரும் அழுத்தக் காயத்தில் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் புது எலும்பை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தடிப்பு படத்தில் விழும். எக்ஸ்ரே நார்மல் என்றால் இதுவரை தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்று மருத்துவர் சொல்லிப் புரியவைத்தார்.

எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜையில் தெளிவான நீர்க்கோவை (நீர் கோத்த வீக்கம்) இருந்தது, விரிசல் கோடு இல்லை. இந்தக் காயத்தின் தீவிரத்தை எம்.ஆர்.ஐ.யை வைத்துச் சொல்லும், நான்கு படி கொண்ட ஃபிரெட்ரிக்சன் அளவுகோலில் மூன்றாம் படி. கட்டியோ தொற்றோ இல்லை. ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 13 நானோகிராம், 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பது வழக்கம். கால்சியமும் தைராய்டும் சரியாக இருந்தன.

ஏன் ஐந்தாம் வாரம்? எலும்பு சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கிறது, அது சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த இடத்தில் புதிதாகக் கட்டி இறுகுவதற்கோ மாதங்கள் ஆகும். ஆக, பயிற்சி தொடங்கி ஒரு மாதத்தை ஒட்டிய காலத்தில் எலும்பு தொடங்கியபோது இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகத்தான் இருக்கும். நெஞ்சும் நுரையீரலும் அதற்குள் நன்றாகப் பழகிவிடுவதால் ஓட்டக்காரர் அந்த நேரத்தில்தான் வேகத்தைக் கூட்டுகிறார். 1855-லேயே பிரைத்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்திருக்கிறார். பட்டாளமும் இந்தக் காயமும் அவ்வளவு பழைய கூட்டாளிகள்.

முகாமுக்குப் போவதா, விடுவதா

மூன்று வழிகள் பேசப்பட்டன. வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது ஒன்று. அதுவரை ஓடாமல் உடல் தகுதியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நேராக முகாமில் ஓடுவது இன்னொன்று. இந்த வருஷத்தை விடுவது மூன்றாவது.

அப்பா கேட்டார், “ஏம்மா, ஆறு நிமிஷ ஓட்டம்தானே, அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஊசி போட்டு ஓட வெச்சுட்டா ஆகாதா?”

“நீங்க தளம் போட்டா மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிப்பீங்களா?” என்று கேட்டேன். “மேலே தொட்டுப் பார்த்தா கெட்டியாத்தானே இருக்கும்?”

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு எத்தனை நாள் ஆகும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மருத்துவரும் நானும் ஒரே கருத்தில்தான் இருந்தோம். மூன்றாம் படிக் காயம் உள்ளவர் ஓட்டத்தைத் தொடங்கவே 2 மாதம்போல ஆகலாம், முழு வேகத்துக்கு அதற்கும் மேல். நீர்க்கோவை உள்ள எலும்பை வைத்துக்கொண்டு முழு மூச்சாக 1.6 கிலோமீட்டர் ஓடினால் விரிசல் முழுதாக விழலாம். அப்படி விழுந்தால் அடுத்த வருஷமும் சேர்ந்து போகும். அவருக்கு 19 வயதுதான், அப்போதைய வயது வரம்பு 21 என்பதால் இன்னொரு வாய்ப்பு இருந்தது. முடிவை எளிதாக்கியது அதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே எம்.ஆர்.ஐ.யோடு கடைசி வாய்ப்பில் நிற்கும் ஒருவர் வந்திருந்தால் நாங்கள் சொல்லும் மருத்துவம் மாறியிருக்காது, ஆனால் அவர் அதைக் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

இளைஞர் அந்த உரையாடல் முழுக்க எதுவும் பேசவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது 8-வது வாரத்தில்தான் தெரிந்தது.

முதல் 3 வாரம்

மாவுக்கட்டு போடவில்லை. நடக்கும்போதே வலித்ததால் சுமார் 10 நாள் ஊன்றுகோல், பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. வைட்டமின் டி வாரம் ஒரு முறை 60,000 யூனிட் என்று 8 வாரத்துக்கு மருத்துவர் எழுதினார். வலி மாத்திரை வேண்டாம் என்றார், காரணம் எளிது: வலி தெரிந்தால்தான் சுமை அதிகமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியும். தசைநாண் காயங்களில் கொஞ்சம் வலியோடு பயிற்சி செய்ய விடுவோம், 10-க்கு 3, 4 வரை பரவாயில்லை என்போம். எலும்பில் அப்படி இல்லை, அனுமதி பூஜ்யம்தான்.

சும்மா இரு என்று சொன்னால் 19 வயதுப் பையன் இருக்க மாட்டான். செய்வதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அவரால் அப்போது 6 புல்-அப்தான் எடுக்க முடியும், அதாவது 16 மதிப்பெண். பத்தாக்கினால் 40. கால் ஊன்றாமல் முன்னேறக்கூடிய ஒரே இடம் அது என்பதால் அதைப் பிடித்துக்கொண்டோம். இறங்கும்போது குதிக்காமல் ஸ்டூலில் கால் வைத்து இறங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஊன்றுகோலை விட்ட பிறகு கிணறு. ஊரில் எல்லாரையும்போல அவருக்கும் சின்ன வயதிலேயே நீச்சல் தெரியும். நகரத்தில் நீச்சல் குளத்தில் இடுப்புப் பட்டை கட்டிச் செய்யும் ஆழ்நீர் ஓட்டத்தை இவர் சித்தப்பா கிணற்றில், காற்றடைத்த டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு செய்தார். கால் தரையைத் தொடாது, ஓடுகிற அசைவு மட்டும். 2 நிமிடம் வேகமாக, 1 நிமிடம் மெதுவாக என்று அரைமணி. மூச்சு வாங்கும், எலும்புக்குச் சுமை இல்லை. மேலேயிருந்து குதிக்கக் கூடாது, படியில் இறங்க வேண்டும், கரையில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சித்தப்பா தினமும் உட்கார்ந்தார், அவருக்கும் பொழுது போயிற்று.

சாப்பாட்டை அம்மாவிடம் பேசினேன். பெரிய அட்டவணை எதுவும் இல்லை. இரவுச் சோறு திரும்பி வர வேண்டும், காலை எழுந்ததும் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, தினம் முட்டை, கேழ்வரகு, தயிர். “அவன் தானே வேணாம்னான், நான் எப்பவும் ஆக்கித்தான் வெச்சேன்” என்றார் அம்மா, கொஞ்சம் கோபத்தோடு. 3 மாதத்தில் எடை 58 வரை வந்தது.

4 முதல் 7 வாரம் வரை

நடை வலியில்லாமல் 10 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை கூடியது. கெண்டைச் சதைக்குப் பளு சேர்த்தோம்: முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடை மேல் அரிசி மூட்டை வைத்துக் குதிகால் உயர்த்துவது, நின்றபடி முதுகுப் பையில் 10 கிலோ போட்டு உயர்த்துவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். இடுப்புக்கும் தொடைக்கும் படியிறங்கும் பயிற்சி. இடது கால் பரவல் வலி இந்தக் கட்டத்தில் சத்தமில்லாமல் போய்விட்டது.

ஆறாவது வாரத்தில் கயிறு தாண்டல், இரண்டு காலில், 10 முறை, காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை. இவ்வளவுதானா என்று கேட்டார். எலும்புச் செல்கள் சில பத்துத் தாவல்களுக்கு மேல் அந்தத் தூண்டுதலுக்குப் பெரிதாக எதிர்வினை காட்டுவதில்லை, சில மணி நேர இடைவெளி விட்டால்தான் மறுபடி காட்டும். ஒரே மூச்சில் 200 தாண்டுவதைவிட, தள்ளித் தள்ளிச் சிறு அளவு இரண்டு வேளை செய்வதுதான் எலும்பைக் கட்டுவதற்கு ஏற்றது. இந்தத் தகவல் அவருக்குப் பிடித்திருந்தது, நண்பர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

8-வது வாரம்: சறுக்கல்

முகாம் முடிந்து நண்பர்கள் திரும்பி வந்தார்கள். அவரோடு ஓடியவர்களில் இருவர் 5:30-க்குள் முடித்திருந்தார்கள். இவருக்கோ அப்போது நடையில் வலி இல்லை, அழுத்தினாலும் ஏறக்குறைய வலி இல்லை. ஓர் இரவு யாரிடமும் சொல்லாமல் கிரவுண்டுக்குப் போய், கைப்பேசியில் நேரம் வைத்து, 1.6 கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓடிவிட்டார். 6:20. ஓடும்போது வலிக்கவில்லையாம். மறுநாள் காலை வலித்தது.

நான்கு நாள் மறைத்தார். அம்மாதான் போனில் சொன்னார், “மறுபடி நொண்டுறான்.”

சோதித்தபோது பழைய இடத்தில் வலி திரும்பியிருந்தது, ஆனால் முதல் முறை அளவுக்கு இல்லை. இரவு வலி இல்லை. மருத்துவர் மறுபடி எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்றார். படத்தில் நீர்க்கோவை வலி போன பிறகும் நெடுநாள் தெரிந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. இரண்டு வாரம் பின்னால் போனோம்: நடை, கிணறு, உட்கார்ந்தபடி பயிற்சி.

திட்டவில்லை. அன்று அவர் முதல் முறையாக நிறையப் பேசினார். வீட்டில் அப்பா ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாததுதான் தாங்க முடியவில்லை என்றார், ஓடிப் பார்த்து முடியவில்லை என்று தெரிந்தாலாவது நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியதாம். பயிற்சி அட்டையில் எழுத முடியாத காரணங்கள் இவை. ஆனால் காலில் விழும் சுமையைத் தீர்மானிப்பது பல சமயம் இவைதான்.

மறுபடி ஓட்டம்

10-வது வாரத்தின் முடிவில் நான் வைத்திருந்த தகுதிகள்: அழுத்தினால் வலி இல்லை, 30 நிமிட விரைவு நடை தொடர்ந்து 5 நாள் வலி இல்லாமல், ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தல் இரண்டு பக்கமும் 25, ஒற்றைக் காலில் 10 குதி மூன்று முறை வலி இல்லாமல். குதிகால் உயர்த்தலில் வலது கால் 21-ல் நின்றது. ஒரு வாரம் காத்திருந்தோம்.

ஓட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் நாள் 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, ஐந்து முறை. வேகம் என்றால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், அதற்கு மேல் இல்லை. இரண்டு ஓட்டம் வலியில்லாமல் போனால் அடுத்த படி: 2-க்கு 3, 3-க்கு 2 என்று ஓட்டம் கூடி நடை குறையும். ஓடும்போதோ, அன்று இரவிலோ, மறுநாள் காலையிலோ பழைய இடத்தில் வலி வந்தால் ஒரு நாள் கூடுதல் ஓய்வு, பிறகு ஒரு படி பின்னால். சறுக்கலுக்குப் பிறகு அவரே ஒரு நோட்டுப் போட்டு இதையெல்லாம் எழுதத் தொடங்கினார். 8 வாரத்தில் 30 நிமிடம் தொடர் ஓட்டம் வந்தது. நடுவில் ஒரே ஒரு முறை ஒரு படி இறங்கினோம்.

ஓடுவதைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 158 காலடி. காலை உடம்புக்கு ரொம்ப முன்னால் நீட்டி வைத்தார். தாளச் செயலியில் 168 வைத்து அதற்கு ஏற்ப ஓடச் சொன்னோம், அடி சிறிதானால் ஒவ்வொரு அடியிலும் எலும்பில் விழும் சுமை குறையும். முதல் வாரம் கிண்டலாக இருந்தது, மூன்றாம் வாரம் பழகிவிட்டது. ஷூ, சாதாரண விலையில் ஓட்டத்துக்கென்றே உள்ள ஒன்று, பழைய கேன்வாஸுக்குப் பதில். தார் ரோடா மண் தரையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மண்ணில் ஓடினால் இது வந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. பைபாஸ் ஓரத்துச் சரிவில் ஒரே பக்கமாக ஓடியதை நிறுத்தியது நல்லது, மற்றபடி திடீரென்று கூடிய அளவுதான் வில்லன்.

தூரம் நிலைத்த பிறகுதான் வேகம். 5:30-க்குள் ஓட 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 82 அல்லது 83 விநாடி. வாரத்தில் ஒரே நாள், 200 மீட்டர், 45 விநாடியில் தொடங்கி 41 வரை, நடுவில் நடை. முதலில் நான்கு, பிறகு ஆறு, பிறகு 400 மீட்டர்கள். மற்ற இரு நாள் நிதான ஓட்டம். கெண்டைச் சதைப் பயிற்சி வாரம் இரு முறை, நிறுத்தாமல்.

முடிவு

அடுத்த ஆண்டு எழுத்துத் தேர்வில் மறுபடி தேறினார். இந்த முறை படிக்கும் மாதங்களிலும் வாரம் 3 நாள் ஓடினார். முகாமில் 1.6 கிலோமீட்டர் 5:36. ஆறு விநாடியில் முதல் பிரிவு போய்விட்டது. புல்-அப் 10, ஆக 88 மதிப்பெண். மருத்துவச் சோதனையில் கால் பற்றி எந்தப் பிரச்சினையும் வரவில்லை. இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை.

காயத்துக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வலது காலில் வலி திரும்பவில்லை. வீட்டில் அக்கா கல்யாணம் நடந்த மாதம் சதைப் பயிற்சியை விட்டிருந்தபோது இடது காலில் பழைய பரவல் வலி எட்டிப் பார்த்தது, மறுபடி தொடங்கியதும் போய்விட்டது. இப்போது காவலர் தேர்வுக்குப் படிக்கிறார். அதில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும், அவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. தேர்வாகிப் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் திடீரென்று கூடும் சுமை மறுபடி வரும், அதற்கு 2 மாதம் முன்பே வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி மாறுவது

கீழ்க்கால் வலியோடு வரும் ஓட்டக்காரர்களிடம் சாப்பாடு, எடை பற்றிய கேள்விகளை இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். புள்ளி வலி, குதித்தால் வலி, இரவு வலி இந்த மூன்றில் இரண்டு இருந்தால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் ஓட்டம் அன்றோடு நிற்கிறது, எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் பேசுகிறோம்.

நோயாளி தவறவிடப்போகும் போட்டியின் தேதி, அதன் முடிவு வரும் தேதி இரண்டையும் சிகிச்சை அட்டையில் எழுதுகிறோம். அந்த வாரத்தில் அவரை நேரில் வரச் சொல்லி, செய்து பார்ப்பதற்கு வலுவான ஒரு சோதனையை அதே வாரத்தில் வைக்கிறோம், குதிகால் உயர்த்தல், புல்-அப், கிணற்றில் நேரம் வைத்து ஓட்டம், எதுவானாலும்.

கிரவுண்டு மாஸ்டரிடம் பேசியது தனிக்கதை. முதல் முறை போனபோது நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று ஒரு மணி நேரம் சொன்னார். இந்தப் பையனின் நோட்டைக் காட்டிய பிறகு கொஞ்சம் இறங்கினார். இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் 4 வாரம் தனி வரிசை, ஓட்டமும் நடையும் கலந்து, காலை மட்டும். 3 வாரம் கூடினால் நான்காவது வாரம் பாதி அளவு. எழுத்துத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வாரம் 3 நாள் 20 நிமிடமாவது வந்து ஓட வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வாத்து நடையை மட்டும் விட மாட்டேன் என்கிறார், அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.